ஜன்னல் சீட்டா, ஸ்டியரிங்கா?

ஏப்ரல் பிறந்தால் எனக்கு இரண்டு விதமான போன்கள் வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு 'இன்ஜினீயரிங்கா, காமர்ஸா?' என்று கேட்பவர்கள் ஒரு ரகம். ஐரோப்பாவுக்கு டிக்கெட் போட்டு, விசாவும் வாங்கிவிட்டு, 'அங்கே போய் கார் எடுத்துக்கலாமா, இல்லை ரயிலு, பஸ்ஸுன்னே சமாளிச்சுடலாமா?' என்று கேட்பவர்கள் இன்னொரு ரகம். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் மக்கள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு சந்தோஷம்தான்.

முதல் கேள்விக்கு நான் வாயைத் திறப்பதில்லை. பி.காம். படித்தவன் என்ன சொன்னாலும் அதில் கட்சி வந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பேசுவேன். காரணம், அதுவும் அடிப்படையில் ஒரு காமர்ஸ் கேள்வி. ஆனால் எல்லோரும் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தது 2019-ல். ஜூலை மாதம், எட்டு நாள், ஸ்விட்சர்லாந்து. நான், மனைவி, பத்து வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அம்மா தனியாக வீட்டு வாசலைத் தாண்டியதே குறைவு. கோயிலுக்கு என்றால் நான் காரை எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு என்றால் யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும். 'யாருக்கும் தொந்தரவு வேணாம்டா' என்று சொல்லியே பாதி இடங்களுக்குப் போகாமல் நின்றுவிட்டாள். போதாததற்கு முழங்கால் வலி.

வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். எந்த விஷயத்தையும் எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "நாலு டிக்கெட்டுன்னாலே காருதான்பா கட்டுப்படியாகும். அம்மாவுக்கு வேற முட்டி வலி. பெட்டியைத் தூக்கிட்டு பிளாட்பாரம் பிளாட்பாரமா அலையப் போறியா?" என்றார். மூன்று வரியில் கணக்கும் போட்டுக் காட்டினார். வாடகை, பெட்ரோல், பார்க்கிங். கூட்டினால் கார் நிஜமாகவே மலிவாக இருந்தது.

மூன்றே வரியில் முடிகிற கணக்கைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். காலேஜில் காஸ்ட் அக்கவுன்டிங் நடத்திய வாத்தியார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே உருப்படியான பழக்கம் அது. அன்று ராத்திரி உட்கார்ந்து அந்தப் பட்டியலை நீட்டினேன்.

ஸ்விட்சர்லாந்தின் விரைவுச் சாலைகளில் நம் ஊர் மாதிரி டோல்கேட் கிடையாது. அதற்குப் பதிலாக 'வின்யெட்' என்று ஒரு ஸ்டிக்கர். 40 ஃபிராங்க். வருஷம் முழுவதற்கும் ஒரே விலை. ஒரு நாள், ஒரு வாரம் என்று சின்ன பாக்கெட் போட்டு விற்க மாட்டார்கள். அந்த நாட்டிலேயே எடுக்கிற வாடகைக் காரில் ஏற்கனவே ஒட்டியிருக்கும். பக்கத்து நாட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் நாம்தான் வாங்க வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து இதை ஆன்லைனிலும் வாங்கிக்கொள்ளலாம், ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை.

அடுத்து, கியர். ஐரோப்பாவில் மலிவு வாடகைக் கார் என்றால் பெரும்பாலும் கையால் கியர் போடுகிற வண்டிதான். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் தனி விலை. அடுத்து, குழந்தை சீட். அங்கே பன்னிரண்டு வயது வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை, குழந்தைகளுக்கு அவர்களுக்கென்று உள்ள சீட் கட்டாயம். என் மகள் இரண்டையும் தாண்டவில்லை. சீட்டுக்கு நாள் வாடகை. அடுத்து, இன்ஷூரன்ஸ். வண்டியில் கீறல் விழுந்தால் முதல் இவ்வளவு தொகை உங்கள் தலையில் என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருக்கும். அந்தத் தலைவலி வேண்டாமென்றால் தினமும் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கும் மேல் கிரெடிட் கார்டில் ஒரு பெரிய தொகையை முடக்கி வைப்பார்கள். அது செலவு இல்லைதான். ஆனால் பயணத்தின்போது கைக்கு எட்டாத பணம், இருந்தும் இல்லாத பணம்.

அபராதம் என்று ஒரு வரியும் சேர்த்தேன். ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 80, விரைவுச் சாலையில் 120. இதுதான் அங்கே வேகக் கணக்கு. 50 என்றால் 50தான். கருவியின் பிழைக்கென்று கழித்தது போக, ஊருக்குள் ஐந்து கிலோமீட்டருக்குள் மீறினாலே 40 ஃபிராங்க். நாம்தான் 'அறுபதுல போனா என்ன சார்' பரம்பரை. ஃபிராங்க் அப்போது எழுபது ரூபாய் சுமாருக்கு இருந்தது. இப்போது நூறைத் தாண்டிவிட்டது. சின்ன மீறலும் பெரிய செலவு.

கடைசியாக, யாருமே எழுதாத ஒரு வரி. டிரைவர் சம்பளம். எக்ஸெல் ஷீட்டில் அது பூஜ்யம், ஏனென்றால் டிரைவர் நான்தான். ஆனால் ஆல்ப்ஸ் மலையைப் பார்க்க லட்சக்கணக்கில் செலவு செய்து போகிறவன், எட்டு நாளும் முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அது நஷ்டமா இல்லையா? 'ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்' என்று பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

இத்தனையும் சேர்த்தபின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக வந்து நின்றன. ரயில் பக்கத்தில் ஒரு சௌகரியமும் இருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கென்று 'ஸ்விஸ் டிராவல் பாஸ்' விற்கிறார்கள். மூன்று நாளிலிருந்து பதினைந்து நாள் வரைக்கும் உண்டு. ஒரே பாஸில் ரயில், பஸ், டிராம், ஏரியில் போகும் கப்பல் எல்லாம் அடக்கம். பெற்றோரில் ஒருவரிடம் பாஸ் இருந்தால், ஆறு வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவச குடும்ப அட்டை. ஆக, நாலு டிக்கெட் மூன்றாகிவிட்டது. நண்பரின் முதல் வரி அங்கேயே ஆட்டம் கண்டது. ரயில் என்று முடிவு செய்தோம். மிச்சமிருந்த ஒரே கவலை அம்மாவின் முழங்கால்.

அதற்குப் போகும் முன் அந்த ஊர் ரயில் ஏன் ஓடுகிற மாதிரி ஓடுகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்விஸ்காரர்கள் நேரம் தவறாதவர்கள், அது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை, திட்டத்தில் இருக்கிறது. 1982 மே மாதம் நாடு முழுக்க ஒரு புதிய கால அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். ஒரு ரயில் எட்டு மணி இரண்டு நிமிடத்துக்குக் கிளம்பினால், ஒன்பது இரண்டு, பத்து இரண்டு, பதினொன்று இரண்டு என்று நாள் முழுக்க அதே நிமிடத்தில் கிளம்பும். அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம், நிமிடத்தை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும்.

அதோடு விடவில்லை. 'ரயில் 2000' என்று ஒரு திட்டம் போட்டு, 1987 டிசம்பரில் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி, சம்மதம் வாங்கி, புதிய பாதைகள் போட்டு, 2004 டிசம்பரில் ஒரே ராத்திரியில் மொத்த அட்டவணையையும் மாற்றினார்கள். அதன் சூட்சுமம் எளிமையானது. ஜூரிச், பெர்ன், பாசல் போன்ற பெரிய ஸ்டேஷன்களுக்கு மணி முழுசாக அடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் எல்லாத் திசையிலிருந்தும் ரயில்கள் வந்து நிற்கும். ஜனங்கள் இறங்கி மாறிக்கொள்வார்கள். மணி அடித்த சில நிமிடத்தில் எல்லாம் கிளம்பிவிடும். இது நடக்க வேண்டுமென்றால் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் பயணம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் பாதையை வேகமாக்கினார்கள். முடிந்த அளவு வேகம் இல்லை, தேவையான அளவு வேகம். புல்லட் ரயிலுக்கு ஆசைப்படும் நாடுகள் சுவரில் எழுதி மாட்ட வேண்டிய வாசகம்.

நாங்கள் ஜூரிச்சில் இறங்கி, பெர்னில் மாறி, இன்டர்லாகன் போக வேண்டும். பெர்ன் ஸ்டேஷனில் மாறுவதற்குச் சில நிமிடங்கள்தான். நான்கு பெட்டி, ஒரு குழந்தை, ஒரு முழங்கால். நான் செய்தது எந்தத் தமிழனும் செய்வது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அம்மா, நீங்கள் ஓடாதேங்கோ. கால் நோகும். இது போனால் அரை மணித்தியாலத்தில அடுத்த ரெயில் வரும்."

யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். அம்மாவின் கையிலிருந்த பையை உரிமையோடு வாங்கிக்கொண்டார். எண்பதுகளில் தொடங்கி யுத்தத்துக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் இந்த நாட்டில் வாழ்கிறார்கள். பெர்னிலேயே 2014-ல் திறந்த 'மதங்களின் இல்லம்' என்ற கட்டடத்துக்குள், மசூதிக்கும் சர்ச்சுக்கும் பக்கத்தில் நம் கோயிலும் இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனில் தமிழ் கேட்டால் திகைக்க வேண்டியதில்லை.

அவர் எங்களைப் படியில் விடாமல் லிஃப்ட்டுக்கும் சாய்தளத்துக்கும் கூட்டிப் போனார். "இஞ்ச கன ஸ்டேஷன்ல சறுக்குப் பாதை இருக்கு. படியைத் தேடாதேங்கோ, அதைத் தேடுங்கோ" என்றார். நீங்கள் கார் வைத்திருக்கிறீர்களா என்று நான் கேட்டேன், தொழில் புத்தி. "கார் கிடக்கு தம்பி. சனி ஞாயிறு கோயிலுக்கும் சாமான் வாங்கவும் எடுக்கிறது. வேலைக்கு ரெயில்தான். காரில போனா பார்க்கிங்குக்கு எண்டு தனியா உழைக்க வேணும்."

நாங்கள் பிளாட்பாரத்துக்கு வந்தபோது ரயில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அம்மா ஓடாமலேயே ஏறினாள்.

எல்லா ஸ்டேஷனும் அப்படி என்று சொல்லமாட்டேன். சில சின்ன ஊர்களில் பிளாட்பாரம் தாழ்வாகவும் ரயில் படி உயரமாகவும் இருந்தது. ஊனமுற்றோருக்கான சம உரிமைச் சட்டம் 2004-ல் அங்கே நடைமுறைக்கு வந்தது. 2023 முடிவதற்குள் எல்லா ஸ்டேஷன்களையும் சரிசெய்ய வேண்டும் என்று கெடு. கெடுவுக்குள் முடியவில்லை. ஸ்விஸ்காரர்களும் மனிதர்கள்தான் என்று தெரிந்துகொள்ள இப்படியும் ஒன்று இருக்க வேண்டும். அந்த மாதிரி இடங்களில் அம்மாவின் ஒரு கையை நான் பிடித்தேன், இன்னொரு கையைக் கேட்காமலேயே யாராவது பிடித்தார்கள்.

எட்டு நாளில் ஒரே ஒரு நாள் கார் எடுத்தோம். அதையும் சொல்லாவிட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். கிரிம்சல், ஃபுர்கா, சுஸ்டன் என்று மூன்று மலைக் கணவாய்கள். இன்டர்லாகனிலிருந்து கிளம்பினால் ஒரே நாளில் சுற்றிவிட்டு வரலாம். ஃபுர்கா 2400 மீட்டருக்கும் மேலே. 1964-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'கோல்டுஃபிங்க'ரில் கார்கள் வளைந்து வளைந்து ஏறுமே, அந்தச் சாலை. குளிர்காலத்தில் பனி மூடி அடைத்துவிடுவார்கள். கோடையில் மட்டும்தான்.

நமக்குப் பழக்கமில்லாத வலது பக்கச் சாலை. ஸ்டியரிங் இடது பக்கம். முதல் பத்து நிமிடம் கியர் போட நினைத்தபோதெல்லாம் என் இடது கை கதவைத் தட்டியது. 'யாரு உள்ளே வரணும்ப்பா?' என்றாள் மகள். மேலே ஏற ஏற, பின் சீட்டில் ஆகா, ஓகோ. 'அங்க பாருங்க அருவி', 'அங்க பாருப்பா பனி'. நான் பார்த்தது வெள்ளைக் கோடு, அதற்குப் பின் அடுத்த வெள்ளைக் கோடு, நடுநடுவே எதிரில் சாய்ந்து வரும் மோட்டார் பைக்குகள். அம்மாவுக்கு ஏழாவது வளைவில் தலை சுற்றியது. 'டேய், கொஞ்சம் நிறுத்துடா' என்றாள். நிறுத்த இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள்.

அப்போது ஒரு வளைவுக்கு அப்பாலிருந்து மூன்று சுரத்தில் ஹாரன் சத்தம். மஞ்சள் நிறத் தபால் பஸ். தபாலோடு பயணிகளையும் ஏற்றிச் செல்ல 1906-ல் மோட்டார் பஸ் விட ஆரம்பித்தது தபால் இலாகா. அதன் ஹாரன், ரோசினியின் 'வில்லியம் டெல்' இசை நாடகத்திலிருந்து எடுத்த மூன்று சுரங்கள். மலைத் தபால் சாலை என்று பலகை வைத்த இடங்களில் தபால் பஸ் டிரைவர் கை காட்டினால் காட்டியபடி மற்ற வண்டிகள் கேட்க வேண்டும் என்பது சட்டம். நான் ஒதுங்கி நின்றேன். உள்ளே வயதான தம்பதிகள் காலை நீட்டி உட்கார்ந்து, ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு போனார்கள். கோடையில் இந்தக் கணவாய்களுக்கு அந்த பஸ்ஸே போகிறது. அம்மா அதைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்குக் கார் செய்த உபகாரத்தையும் மறைக்கக் கூடாது. ஃபுர்கா சாலையில் ரோன் பனிப்பாறைக்குப் பக்கத்தில் நினைத்த இடத்தில் நிறுத்தினோம். நினைத்த நேரம் நின்றோம். ஜெனீவா ஏரிக்குள் புகுந்து, பிரான்ஸைக் கடந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் ரோன் நதி அங்கேதான் பிறக்கிறது. பனி உருகாமல் இருக்க அதன் ஓர் ஓரத்தில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள், காய்ச்சல்காரனுக்குப் போர்த்திய மாதிரி. 'ஏம்ப்பா உருகுது?' என்றாள் மகள். பெட்ரோல் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கொஞ்சம் சங்கடம். சொன்னேன். அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சு என்ற கவலை இல்லாமல் அவள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். காரின் விலை அதற்குத்தான்.

இனி, இந்தப் பயணத்தில் எக்ஸெல் ஷீட்டுக்குள் எந்த வரியிலும் அடங்காத விஷயம்.

ஆறாவது நாள் யுங்ஃபிராவ்யோக் போவதாகத் திட்டம். 1912-லேயே மலைக்குள் சுரங்கம் குடைந்து ரயில் விட்ட இடம். ஸ்டேஷனின் உயரம் 3454 மீட்டர். அம்மாவுக்கு ரத்த அழுத்தம். அவ்வளவு உயரம் வேண்டாம் என்று சென்னையிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். யாராவது ஒருவர் அம்மாவோடு தங்குவது என்று பேசிக்கொண்டோம். முந்தின நாள் ராத்திரி அம்மா சொன்னாள்: "யாரும் எனக்காக நிக்க வேணாம். நான் கப்பல்ல போயிட்டு வரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்டர்லாகனின் கிழக்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பிரியன்ஸ் ஏரிக் கப்பல் துறை. ஒன்றேகால் மணி நேரம் கப்பலில் போனால் பிரியன்ஸ் என்ற ஊர். இறங்கினால் எதிரிலேயே ரயில்வே ஸ்டேஷன். ரயிலில் இருபது நிமிடத்தில் திரும்ப இன்டர்லாகன். முதல் நாள் எல்லோரும் சேர்ந்து போன அதே வழி. அவளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. வரை படிப்பு. ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், பேசமாட்டாள். ஜெர்மன் என்ற மொழி இருப்பதே போன வாரம்தான் அவளுக்குப் பெரிய விஷயமாகியிருந்தது.

"வழி தெரியாம போயிட்டா?"

"எங்கடா போயிடுவேன்? கப்பல் தண்ணியிலதான் போகும், ரயில் தண்டவாளத்துலதான் போகும்."

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? மகள் ஒரு சீட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தாள். கப்பல் ஏறும் நேரம், இறங்கும் ஊர், ரயில் கிளம்பும் நிமிடம். ஊர்ப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில். போர்டோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ரயில் போனாலும் கவலையில்லை, அடுத்தது வரும் என்று பெர்னில் அந்த யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னதை அம்மாவே எங்களுக்கு ஞாபகப்படுத்தினாள். பாஸ், உள்ளூர் சிம் போட்ட போன், ஒரு பாட்டில் தண்ணீர், பர்ஸில் விபூதி.

அன்றைக்கு உச்சியில் பனிக்கு நடுவில் நான் நின்றதில் பாதி நேரம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் இரண்டு மணிக்கு அம்மாவே கூப்பிட்டாள். "வந்துட்டேன். பசிக்குது, தயிர் சாதம் கலந்துக்கப் போறேன். நீங்க மெதுவா வாங்க."

சாயங்காலம் நாங்கள் இறங்கி வந்தபோது, ஊர் நடுவில் இருக்கும் பெரிய புல்வெளியின் ஓரம் பெஞ்சில் உட்கார்ந்து, வானத்திலிருந்து பாராசூட்டில் இறங்குகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கப்பல் நடுவில் ஓர் அருவிப் பக்கத்தில் நின்றதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டி பிஸ்கட் கொடுத்தாளாம். இவள் கடலை மிட்டாய் கொடுத்தாளாம். இருவரும் நிறைய பேசினார்களாம். எந்த மொழியில் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் கார் எடுத்திருந்தால் அந்தப் பகல் அம்மாவுக்குக் கிடைத்திருக்காது. எனக்கு இது ரொம்ப நாள் யோசித்த பிறகுதான் முழுசாகப் பிடிபட்டது. கார் சுதந்திரம் என்று சொல்கிறோமே, அது யாருக்குச் சுதந்திரம்? சாவி வைத்திருப்பவனுக்கு. மற்றவர்கள் அவன் நிறுத்தினால் இறங்க வேண்டும், அவன் கிளம்பினால் ஏற வேண்டும். குழந்தைக்கும் கிழவிக்கும் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவர்களை நாலு இடத்துக்குத் தானாகப் போகவிடுவது அட்டவணைப்படி வரும் பஸ்ஸும் ரயிலும்தான்.

இதைப் படித்துவிட்டு எல்லா நாட்டிலும் ரயிலேறிவிடாதீர்கள். ஐஸ்லாந்தில் பயணிகள் ரயிலே கிடையாது. தீவைச் சுற்றி 1300 கிலோமீட்டருக்கும் மேலே ஒரே வட்டச் சாலை. அங்கே கார்தான் தெய்வம். நியூசிலாந்தின் தெற்குத் தீவும் கிட்டத்தட்ட அப்படியே. அங்கே நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுவதால் பாதிப் பயம் குறைவு. ஜப்பான், தாய்லாந்து, மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவும் இடது பக்கம்தான். அமெரிக்காவில் நியூயார்க் மாதிரி சில ஊர்களை விட்டால் கார் இல்லாதவன் கால் இல்லாதவன். அதே நியூயார்க்கில் மன்ஹாட்டனின் நெரிசல் பகுதிக்குள் கார் நுழைந்தால் 2025 ஜனவரியிலிருந்து கட்டணம். லண்டனில் 2003-லிருந்தே உண்டு.

இத்தாலிக்குத் தனி எச்சரிக்கை. ஃப்ளோரன்ஸ், பீசா, சியனா போன்ற பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். தடுப்புக் கம்பி இருக்காது, போலீஸ் இருக்காது. ஒரு போர்டும் ஒரு கேமராவும் இருக்கும். என் சித்தப்பா மகன் அப்படி ஓர் ஊரில் ஹோட்டலைத் தேடி ஒரே தெருவை மூன்று முறை சுற்றினான். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து மூன்று அபராதச் சீட்டுகள் வந்தன. அவன் விலாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு வாடகைக் கார் கம்பெனி தனியாகக் கட்டணம் எடுத்துக்கொண்டது. அந்த நாட்டில் ரயிலிலும் உஷார் வேண்டும். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் ஸ்டேஷன் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆகவே, போன் செய்கிறவர்களிடம் நான் நாலு கேள்வி கேட்கிறேன். போகிற இடம் ஊர்களா, ஊர்களுக்கு நடுவில் இருக்கும் வெளியா? ஊர்கள் என்றால் ரயில், வெளி என்றால் கார். அங்கே சாலையில் எந்தப் பக்கம்? இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுத்தாயா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வருஷத்துக்குத் தருகிறார்கள், நம் லைசென்ஸோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். முழுப் பயணத்துக்கும் கார் தேவையா, ஒரே ஒரு நாளுக்கா? ஸ்விட்சர்லாந்தில் ஸெர்மாட், வெங்கன், ம்யூரன் போன்ற ஊர்களுக்குள் காரே போக முடியாது. ஸெர்மாட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் போக வேண்டும். நிற்கும் காருக்கும் வாடகை ஓடும்.

நாலாவது கேள்வி: உன்னோடு வருகிறவர்களில் ஓட்டத் தெரியாதவர்கள் யார் யார்? முடிவு எடுக்கும்போது அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டாயா? இதற்குப் பலரிடமிருந்து பதில் வருவதில்லை. கணக்குப் போடுகிறவன் எப்போதும் ஓட்டுகிறவன்தான்.

சென்னை திரும்பிய மறு வாரம் அம்மா என்னிடம் மெட்ரோ கார்டு கேட்டாள். நங்கநல்லூர் ரோடில் ஏறி, ஆலந்தூரில் மாறினால் வடபழனி என்று அவளே விசாரித்து வைத்திருந்தாள். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும்தான் இன்னும் கஷ்டம். பிளாட்பாரம் இருக்கும் இடத்தில் கடை இருக்கிறது, கடை இல்லாத இடத்தில் பள்ளம் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் போய்விடுகிறாள். முதல் கிருத்திகைக்கு நான் காரை எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"உனக்கு ஆபீஸ் இல்லியா? நீ போடா" என்றாள்.